குறுக்கே பேசச் சொன்ன அன்ரி

அவர் கதை சொல்லும்போது யாரும் குறுக்கே பேசவில்லையென்றால் கதையை நிறுத்திவிடுவார். கோபித்துக்கொண்டு நிறுத்தமாட்டார். வாயை மூடி, கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் தேநீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏன் அன்ரி நிப்பாட்டிட்டீங்கள்?" என்று யாராவது கேட்டால், "ஓ, நீங்கள் இருக்கிறீங்களோ? எல்லாரும் எழும்பிப் போட்டீங்கள் எண்டு நினைச்சன்" என்பார்.

அவர் பேசியது கானா நாட்டு ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லையும் மேசையில் பீங்கான் வைப்பதுபோல எடுத்து வைக்கும் ஆங்கிலம். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன். வேறு விதமாக எழுதினால் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை.

நாங்கள் இருவரும் வேலை செய்த முதியோர் இல்லம் மெல்பர்னின் வடக்கே கிரெய்கிபர்னில், ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் எட்டு நிமிடத் தூரத்தில் இருந்தது. நான் பிற்பகல் ஷிஃப்டின் பொறுப்புத் தாதி. மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, ஷிஃப்ட் முடிவதற்குள் நாற்பத்தொரு பேரைப் பற்றியும் கொம்பியூட்டரில் குறிப்பு எழுதுவது என் வேலை. அவர் பராமரிப்பாளர். குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடும் வேலை. அறுபதைத் தாண்டியவர். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று சொல்லுவார்கள். கானாக்காரர்களும் வயதில் மூத்த பெண்களை அன்ரி என்பார்கள், நாங்களும் அன்ரி என்போம். ஆகையால் மனேஜர் முதல் சமையற்காரர் வரை எல்லோருக்கும் அவர் அன்ரிதான். சொந்தப் பெயர் பழைய ரோஸ்டர்களில் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை.

வியாழக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணித் தேநீருக்கு அவர் கதை சொன்னார். யாரும் கேட்டு ஆரம்பித்ததல்ல. லவுஞ்சில் கதிரைகள் நாலு வரிசையாக டிவியைப் பார்த்தபடி கிடக்கும். அவர் டிவியைத் தொடமாட்டார். கதிரைகளைத்தான் திருப்புவார். சக்கரக் கதிரையின் பிரேக்கைக் கழற்றமுன் ஒவ்வொருவரிடமும், "உங்களைத் திருப்பப்போறன், சரியோ?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே திருப்புவார். பதில் வராதவர்களின் முன்னால் குந்தியிருந்து, கண்ணைப் பார்த்து, இன்னொரு தடவை கேட்பார். பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் ஒரு வட்டமாகி டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். பிறகு யாராவது எழுந்து போய் அதை நிறுத்துவார்கள்.

"இது நடந்தது எண்டு நான் சொல்லேல்ல" என்று தொடங்குவார். "நடக்கேல்ல எண்டும் சொல்லேல்ல."

"அப்ப சொல்லு" என்று நாங்கள் சொல்லவேண்டும்.

அவருடைய கதைகள் எல்லாவற்றிலும் ஒரு சிலந்தி வரும். களவும் பொய்யும் பசியும் நிறைந்த, எல்லோரையும் ஏமாற்றப் பார்க்கும் சிலந்தி. சிலந்தி நடக்கவேண்டிய இடத்தில் யாருடைய வாக்கரையாவது வாங்கிக்கொண்டு வட்டத்துக்குள் நடந்து காட்டுவார். வாக்கருக்கு நாலு கால், அவருக்கு இரண்டு. மிச்சம் இரண்டு காலையும் அவர் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எட்டுக் காலும் தெரிந்தன.

குறுக்கே பேசுவதற்கும் ஒரு முறை இருந்தது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர், "நிப்பாட்டு. நான் அண்டைக்கு அங்க நிண்டனான்" என்று சொல்லவேண்டும். பிறகு ஒரு பாட்டுப் பாடலாம், அல்லது தான் கண்டதைச் சொல்லலாம். கதைசொல்லி அதை மறுக்கக்கூடாது. அவர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டுதான் மேலே போகவேண்டும். அவருடைய ஊரில் இதுதான் வழக்கம் என்றார். ஆட்கள் குறுக்கே விழாத கதையைச் சொன்னவர் தலை குனிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவாராம்.

"அங்க கதை சொல்லுறது ஒரு ஆள் இல்லை, சிஸ்டர்" என்று ஒருநாள் மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று எனக்கு விளக்கினார். "ஒரு ஆள் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். முடியேக்க அது ஊரின்ர கதையாயிருக்கும். வரி கட்டாதவன், பெண்டிலை அடிக்கிறவன், கிணத்துக்குள்ள குப்பை போடுறவன் எல்லாரையும் சிலந்தியின்ர பெயரால கேட்டுவிடலாம். ஆருக்கும் மூஞ்சை சுருங்காது. அவனும் அதிலதான் இருந்து சிரிச்சுக்கொண்டிருப்பான்."

"அவனுக்கு விளங்குமோ?"

"வீட்ட போகேக்க விளங்கும்."

முதல் வியாழனே அவர் என்னைப் பார்த்து, "இந்த சிஸ்டரும் அண்டைக்குச் சந்தையில நிண்டவ. சொல்லுங்கோ, சிலந்தி என்ன சட்டை போட்டிருந்தது?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் அங்க நிக்கேல்லையே" என்றேன்.

சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். காணாததை எழுதியதில்லை. மழை பெய்ததா என்று நிச்சயமில்லாத நாளில் மழையைப் பற்றியே எழுதமாட்டேன். அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி. பொலிஸ் ஸ்டேஷன் கதவைப் பூட்டிப்போட்டுது" என்றார். அன்றிலிருந்து வியாழன்களில் எனக்குப் பெயர் பொலிஸ். ஜன்னலோரத்தில் இருக்கும் இத்தாலிய அம்மாகூட என்னைக் கண்டால் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டுவார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் பதினொரு பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்து வைத்திருந்தேன். ஆட்களைத் தூக்கும் இயந்திரத்தில் ஒருவரை எப்படி ஏற்றுவது, எந்தப் பட்டியை முதலில் கொழுவுவது என்று படிப்படியாக எண்ணிட்டு எழுதியது. ஒருவரும் அதை முழுதாக வாசிக்கவில்லை. அன்ரி அவர்களைத் தேநீர் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் யானையின் கதையைச் சொல்லுவார். சேற்றில் விழுந்த யானையைத் தூக்க எறும்புகள் வருகின்றன. ஆயிரம் எறும்பும் ஒவ்வொன்றாக, "தகப்பனே, நான் இப்ப உங்கட காலைப் பிடிக்கப்போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் பிடிக்கின்றன. சிலந்தி மட்டும் சொல்லாமல் தும்பிக்கையைப் பிடிக்கிறது. யானை பயந்துபோய் உதற, சிலந்தி போய்க் கூரையில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இன்றைக்கும் கூரையில் இருக்கிறதாம்.

பஞ்சாபிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் படிக்க வந்து பகுதிநேரம் வேலை செய்தவர்கள், அன்ரி இல்லாத நாட்களிலும், தூக்குமுன் "தகப்பனே" என்று சொல்லிவிட்டு ஆளைத் தொடுவதை நான் கேட்டிருக்கிறேன். என் கையேட்டில் அது மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

இனி ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எண்பத்துநாலு வயது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் நில அளவையாளராக இருந்தவர். மனைவி இங்கே வந்த பிறகு காலமானவர். ஒரே மகள் பொயிண்ட் குக்கில் இருந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் நகரத்தின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கார் ஓடி வருவார். பக்கவாதம் வந்தபோது ஐயாவின் ஆங்கிலம் போனது. கொஞ்ச நாளில் தமிழும் நின்றது. எங்களிடம் வந்து எட்டு மாதமாக அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் தினமும், "ஐயா, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பேன். என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான். மகள் வந்தால் ஒரு மணித்தியாலம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவார். ஒருநாள் வாசலில் நின்று, "ஒரு பேச்சாவது பேசினால் போதும் அக்கா. ஏசினாலும் காரியமில்லை" என்றார்.

அந்த வியாழனன்று அன்ரி ஆற்றின் கதையைச் சொன்னார். சிலந்தி ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நூலைக் கட்டிவிட்டு, வருகிற மிருகங்களுக்கெல்லாம் பொய் சொல்கிறது.

"இந்த ஆறு ஆயிரம் முழம் அகலம். நீந்த ஏலாது. என்ர நூலில நடந்துதான் அங்கால போகலாம். நடக்கிறவை எனக்கு வேலை செய்யவேணும் எண்டு சிலந்தி சொல்லுது." அன்ரி தன் கைகள் இரண்டையும் போகுமட்டும் விரித்து ஆற்றைக் காட்டினார்.

"நிப்பாட்டு பிள்ளை."

எட்டு மாதம் பாவிக்காத குரல். முதல் எழுத்து வெறும் காற்றாக வந்தது. ஐயா கதிரையில் முன்னுக்குச் சரிந்து இருந்தார்.

"நான் அங்க நிண்டனான். ஆயிரமும் இல்லை ஒண்டும் இல்லை. சங்கிலி பிடிச்சு அளந்தது நான். மூண்டு சங்கிலி, பன்ரண்டு கண்ணி."

அவருக்கு ஆங்கிலம் விளங்கியதா, அல்லது அன்ரியின் கைகள் விளங்கினவா, எனக்குத் தெரியாது. அன்ரி என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுறார்?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். நில அளவையாளர்கள் முன்பு இரும்புச் சங்கிலியால் தூரம் அளந்தார்கள், ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி, அதில் நூறு கண்ணி என்றும் சொன்னேன். அன்ரி ஐயாவின் முன்னால் வந்து குந்தினார்.

"சிலந்திக்கு வெக்கமாப் போச்சுது" என்றார். "இப்பிடி ஒரு பெரியவர் கரையில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர் எண்டு அதுக்குத் தெரியாது." பிறகு வட்டத்தில் இருந்த எல்லோரையும் தமிழில் சொல்லவைத்தார். மூண்டு சங்கிலி, பன்ரண்டு கண்ணி. இத்தாலிய அம்மா அதைப் பிழையாகவும் பலமாகவும் சொன்னார்.

அடுத்த வியாழனும் ஆற்றின் கதைதான். ஐயா இன்னும் கொஞ்சம் சொன்னார். அன்றைக்குச் சங்கிலிக்காரனுக்குக் காய்ச்சலாம். அதனால் ஒன்றோடொன்று கொழுவிய சங்கிலிகளின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையில் நின்றது அவருடைய மனைவியாம். கலியாணம் முடித்து ஆறு மாதம். ஒரு கையில் சங்கிலி, மற்றக் கையில் கறுப்புக் குடை. அன்ரி உடனே சிலந்தியை ஆற்றைக் கடக்கவைத்து, அந்தக் குடையின் நிழலில் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று கேட்கவைத்தார். "விடமாட்டா" என்றார் ஐயா. "அவ பூச்சிக்குப் பயம்." நான் மொழிபெயர்த்ததும் லவுஞ்ச் முழுவதும் சிரித்தது. சிரிப்பு முடிந்த பிறகும் ஐயா சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்படி நாலு வியாழன் நடந்தது. வட்டத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை மகளோடுகூட, அவர் பேசவில்லை. அந்த நாலு வியாழனும் நான் குறிப்பு எழுதினேன். அவற்றில் ஒன்றை இங்கே தருகிறேன். பிரதி என்னிடம் இல்லாவிட்டாலும் மறக்கக்கூடியதல்ல.

பிற்பகல் 3.20. தான் ஓர் ஆற்றங்கரையில் சிலந்தியுடன் நின்றதாகக் கூறினார். காலமான மனைவி எதிர்க்கரையில் நிற்பதாகக் கூறினார். குரல் உயர்ந்தது. இடம், காலம், ஆட்கள் பற்றிய தெளிவு இல்லை. 3.50க்கு அமைதியானார்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. படிவத்தில் நடத்தை மாற்றம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில்தான் இதை எழுத இடம் இருந்தது. நான் எழுதினேன்.

ஐந்தாவது வாரம், பல இல்லங்களுக்குப் போய்வருகிற டொக்டர் வந்தார். நாலு குறிப்பையும் திரையில் வாசித்தார். நாலு வாரமாகப் படிப்படியாகக் கூடிவருகிற குழப்பம் என்றுதான் அதை யாரும் வாசிப்பார்கள். மனதை அமைதிப்படுத்த ஒரு சின்ன மருந்துக் குளிசை எழுதினார். மகளுக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. அப்பா கொஞ்சம் நிம்மதியில்லாமல் இருக்கிறார் என்றால் எந்த மகளும் ஓம் என்றுதான் சொல்லுவார். குளிசையை மாலை மாலை கொடுத்தது நான்.

அடுத்த வியாழன் அன்ரி ஆற்றின் அகலத்தைக் காட்டக் கைகளை விரித்தார். ஐயாவின் தலை தொங்கி, நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. தேநீர் மார்பில் ஊற்றுப்பட்டிருந்தது. அன்ரி கையை விரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

கதை முடிந்து கதிரைகளைத் திரும்பவும் வரிசையாக்கிய பிறகு மருந்து அறைக்கு வந்தார். "ஆர் அவரை நித்திரையாக்கினது?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லிப் பழகாதவள். கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினேன். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு குறிப்பையும் வாசித்தார். பள்ளிக்கூட ரீச்சர் கொப்பி திருத்துவதுபோல விரல் ஒவ்வொரு வரியின் கீழும் நகர்ந்தது.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாய், சிஸ்டர்" என்றார். "எங்களைத்தான் காணேல்ல."

"என்ன அன்ரி?"

"பதினாலு பேர் இருந்தம். நான் கேட்டன், அவர் சொன்னார், நீ மொழிபெயர்த்தாய், இவையெல்லாம் சிரிச்சவை. இதில பாத்தால் ஒரு கிழவன் தனிய இருந்து சுவரோட கதைச்சிருக்கிறான்."

வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அதன் கயிற்றைச் சரிசெய்துகொண்டு, ஆறாம் இலக்க அறைக்காரருக்குக் கால் கழுவப் போனார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நோயாளர் குறிப்பை அழிக்க முடியாது. பின்னால் ஒரு தாமதக் குறிப்புச் சேர்க்கலாம். அன்றே சேர்த்தேன். வட்டத்தில் யார் யார் இருந்தார்கள், கதை என்ன, குறுக்கே பேசும் வழக்கம் என்ன, அவர் சொன்ன அளவு என்ன, அது ஒரு நில அளவையாளரின் ஞாபகமாக இருக்கக்கூடும் என்றெல்லாம் இரண்டு பக்கம். மனேஜர் வாசித்துவிட்டு, "இதை முதலே எழுதியிருக்கலாமே" என்றார். டொக்டர் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சம்மதித்தார். மகளிடம் நானே தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா கதைச்சவரோ?" என்றார். "நாலு கிழமையா? எனக்கேன் அக்கா ஒருத்தரும் சொல்லேல்ல?"

"நான்தான் சொல்லியிருக்கவேணும்."

"குளிசைக்கு ஓமெண்டு சொன்னது நானெல்லோ. நான்தானே அக்கா சொன்னனான்."

அவர் வியாழன்களில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார். குளிசை முழுதாக நின்றது. ஐயாவின் தலை நிமிர்ந்தது. கண் திறந்திருந்தது. கோப்பையைத் தானே பிடித்தார். ஆனால் பேசவில்லை.

அன்ரியைப் பற்றி நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது குளிசை நின்ற பிறகு வந்த பத்து வியாழன்கள்தான். ஒவ்வொரு வியாழனும் அவர் ஆற்றின் கதையையே சொன்னார். "ஆயிரம் முழம்" என்ற இடத்தில் கைகளை விரித்து நிறுத்துவார். ஐயாவைப் பார்க்கமாட்டார். பார்த்தால் அது கேள்வியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, நிலத்தைத்தான் பார்ப்பார். ஒருவரும் பேசமாட்டார்கள். எப்போதும் யாரையாவது குறைசொல்லிக்கொண்டிருக்கும் இத்தாலிய அம்மாகூட வாயைத் திறக்கமாட்டார். மகள் முதல் இரண்டு வாரமும் போனைத் தூக்கிப் பதிவுசெய்யத் தயாராக வைத்திருந்தார். மூன்றாம் வாரம் அதைக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். ஒருமுறை சுவர்க்கடிகாரத்தில் பார்த்தேன். நாற்பது செக்கன். விரித்த கைகளை அறுபதைத் தாண்டிய பெண் ஒருவர் நாற்பது செக்கன் அப்படியே வைத்திருப்பது சுலபமில்லை. முழங்கை நடுங்கத் தொடங்கும். பிறகு கையை இறக்கி, "சிலந்தி காத்திருந்து பாத்துது. இண்டைக்கு ஆக்கள் வரேல்ல. சரி, நாளைக்கு வருவினம்" என்று சொல்லிவிட்டுக் கதையை அங்கேயே விட்டுவிடுவார். அதற்குப் பிறகு சிலந்தி என்ன செய்தது என்று எங்களுக்கு அவர் சொல்லவேயில்லை.

"அன்ரி, வேற கதை சொல்லலாமே" என்று ஒருநாள் கேட்டேன். "அவரும் பாவம், நீங்களும் பாவம்."

"அவரின்ர இடத்தைத் திறந்து வச்சிருக்கிறன்" என்றார். "மூடினால் அவர் எதுக்குள்ளால வாறது?"

அன்ரியின் மகள் சிட்னியில் இருந்தார். இரட்டைப் பிள்ளைகள் பிறக்க இருந்தன. அன்ரி போவது ஆறு மாதத்துக்கு முன்பே தீர்மானித்த விஷயம். என் குறிப்புகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் ஏன் சொன்னார் என்று யோசித்திருக்கிறேன். கடைசி நாளில் கேக் வெட்டினோம். மனேஜர் பேசச் சொன்னதற்கு, "ஒருத்தரும் குறுக்க பேசமாட்டினம். நான் பேசேல்ல" என்று மறுத்துவிட்டார். என்னிடம் பழகிய தமிழில் இரண்டு சொல் அவருக்கு நன்றாக வரும். வாசலில் நின்று கையைக் காட்டி, "போட்டு வாறன்" என்றார். எங்கள் ஊர்ச் சொல்லில் திரும்பி வருவது அடங்கியிருக்கிறது என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அவர் போன பிறகு வந்த வியாழனன்று டிவி ஓடியது. ஒருவரும் கதிரையைத் திருப்பவில்லை. இத்தாலிய அம்மா என்னைக் கூப்பிட்டு, "பொலிஸ், ஆறு எங்க?" என்று கேட்டார். என் நாட்குறிப்பில் ஆற்றின் கதை அன்ரி சொன்னபடியே, ஐயா சேர்த்தவையோடு இருந்தது. அடுத்த வியாழன் கதிரைகளை வட்டமாகத் திருப்பிவிட்டு, அதைக் கொண்டுவந்து வாசித்தேன். ஒரு சொல்லும் தவறாமல் வாசித்தேன். ஆறு பேர் நித்திரையானார்கள். ஒருவர் டிவியின் ரிமோட்டைத் தேடினார்.

அதற்கடுத்த வியாழன் இத்தாலிய அம்மா பொறுமையிழந்துவிட்டார். தன் வாக்கரை வட்டத்துக்குள் தள்ளிக்கொண்டுவந்து, "நீ இரு. நான் சொல்லுறன்" என்று என்னை உட்காரவைத்தார். அவர் சொன்ன கதையில் எல்லாம் பிழை. ஆறு கடலாகிவிட்டது. சிலந்தி கப்பல் வைத்திருந்தது. அது மீன் விற்றது. ஐயாவின் மனைவி இந்தக் கரையில், ஐயாவுக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றார். குடையைக் காணவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரியான கதை என் மடியில் திறந்து கிடந்தது. கையை உயர்த்தித் திருத்தப்போனேன்.

"பிழை."

ஐயாவின் மகள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கடல் இல்லை. ஆறு" என்றார் ஐயா. இத்தாலிய அம்மாவைத்தான் பார்த்துச் சொன்னார். எரிச்சலோடு சொன்னார். "அவ மற்றக் கரையில. குடையோட. விசர்க் கதை கதைக்கிறா."

இத்தாலிய அம்மா இடுப்பில் கைவைத்து, "என்னவாம்?" என்றார். "ஆறாம். அவ குடையோட மற்றக் கரையிலயாம்" என்று மொழிபெயர்த்தேன். மகள் எழுந்து போய் அப்பாவின் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அப்பா, எந்தக் கரை?"

"அங்கால." கையைத் தூக்கிக் காட்டினார். கார் தரிப்பிடம் இருந்த திசை. "உனக்கெங்க தெரியும். நீ அப்ப பிறக்கேல்ல."

மகள் பத்து வியாழனுக்கு மேல் அந்த வட்டத்தில் இருந்தவர்.

"நானும் அங்க நிண்டனான் அப்பா" என்றார். "அம்மான்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் காணேல்லையோ?"

ஐயா அவரைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் ஒரு கண்ணி கூடக்குறைய விடாமல் அளந்தவர்.

"ஓம்" என்றார். "சின்ன ஆள் ஒண்டு நிண்டது."

மகள் அவருடைய முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். இத்தாலிய அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, விஷயம் விளங்காமலே, "சரி. குடை. மற்றக் கரை" என்று ஒத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தார்.

நாலு மணிக்குக் கார் தரிப்பிடத்துக்குப் போய்ச் சிட்னியில் இருந்த அன்ரிக்கு அழைத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பதிவுசெய்த குரல் சொன்னது. அதற்கு முன் இரண்டு தரம் அதே இலக்கத்தில் கதைத்திருக்கிறோம். மூன்று முறை அழைத்தேன். பிறகு வந்த மாதங்களில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். ஊருக்குப் போயிருக்கலாம் என்றார் ஒருவர். வேறு இடத்துக்கு மாறியிருக்கலாம் என்றார் இன்னொருவர். ஏழு வருடமாகிறது. ஐயாவும் இப்போது இல்லை. அவர் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார், பெரும்பாலான வியாழன்களில் யாரையாவது திருத்தினார். அன்ரிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

ஐயா மறுபடி பேசிய நாளின் குறிப்பைக் கொம்பியூட்டரில் எழுதும்போது வட்டத்தில் இருந்த எல்லோரையும் எழுதினேன். பதினைந்து பேர். பெயர்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். வீட்டுக்கு வந்து குசினி மேசையில் நாட்குறிப்பை எடுத்து அதே பட்டியலை ஒழுங்கு மாறாமல் எழுதினேன். கடைசிப் பெயரை எழுதிய பிறகு பேனையை மூடவில்லை. பதினாறாவதாக அன்ரியின் பெயரை எழுதினேன். எந்த இடத்தில் நின்றார் என்பதையும் எழுதினேன். வாசலுக்குப் பக்கத்தில், தேநீர் வண்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஐயாவின் பக்கம் பாராமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.